ஸ்டியரிங்கைக் கழற்றியது யாரென்று கேட்டாயே

மகனே,

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ கத்தாரிலிருந்து போன் செய்து, கத்திவிட்டு வைத்தாய். நான் திரும்பக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன், திருவொற்றியூர் தேரடி வரைக்கும் கேட்டிருக்கும். "காலம் பூரா அவரு கையில இருந்தத புடுங்கி வெச்சிகினியே, உனக்கு மனசுன்னு ஒண்ணு கீதாமா?" என்று கேட்டாய். கேட்டது கேட்டதுதான். என் கல்யாணப் பந்தியில் உன் சித்தப்பா என் அப்பாவைப் பார்த்து என்ன சொன்னார் என்பதும், சொல்லும்போது அவர் இலையில் என்ன பொரியல் இருந்தது என்பதும் இன்றைக்கும் எனக்குத் தெரியும். நீ சொன்னதும் அந்த வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டது. நான் போகும்போதுதான் அதுவும் எழுந்து போகும். ஆனால் திட்டுவதற்கு முன்னால் நடந்ததைத் தெரிந்துகொண்டு திட்டு. போனில் சொன்னால் நீ பாதியில் வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். நான் மாநகராட்சிப் பள்ளியில் அஞ்சாவது வரைக்கும் படித்தவள், எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். ஊரில் நாலு பேர் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. அவர்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் இருப்பார்.

நீ பார்த்ததெல்லாம் உன் பெண்டாட்டி அனுப்பிய வீடியோ. மணலியிலிருந்து பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தவள், நம் வீட்டு வாசலில் நிற்கிற மினி லாரியில் உன் அப்பா உட்கார்ந்து, ஸ்டியரிங் இருந்த இடத்தைத் தடவித் தடவி அழுததைப் படம் பிடித்தாள். பிடித்து முடித்ததும் அனுப்பினாள். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. அதையும் நான் மறக்கமாட்டேன். சரி, அவளை விடு.

அந்த லாரி நம் வீட்டுக்கு என்னவாக இருந்தது என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. விடிவதற்குள் காசிமேடு போய் மீன் ஏற்றி, ஐஸ் உருகி ஒழுக ஒழுக மார்க்கெட் மார்க்கெட்டாக இறக்கிவிட்டு வருவார். வந்ததும் குழாயடியில் நிறுத்திக் கழுவுவது என் வேலை. செதில் என் தலைமுடிக்குள் இருக்கும், சோறு பிசையும்போது விழும். அவர் வண்டியில் ஏறியதும் ஸ்டியரிங்கைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்வார். சாமி படத்துக்கு முன்னால்கூட அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. நீ பிறந்தபோது ராயபுரம் ஆஸ்பத்திரிக்கு என்னை ஏற்றிக்கொண்டு போனதும் அதே வண்டியில்தான். வலியில் நான் கத்துகிறேன், இவர், "கொஞ்சம் பொறுத்துக்கமே, வண்டி சூடாவட்டும்" என்கிறார். அதற்கு நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

ஞாபகம் போக ஆரம்பித்தது முதலில் சின்னச் சின்ன விஷயங்களில். லுங்கியை எங்கே வைத்தார் என்று தெரியாது, சாப்பிட்டது மறந்து மறுபடி தட்டை எடுப்பார். நான் வயசு என்று விட்டுவிட்டேன். பிறகு ஒரு நாள் விடியற்காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்குப் போய்விட்டார், தொழிலை நிறுத்தி எத்தனையோ காலத்துக்குப் பிறகு. ஏலக்கூடத்து வாசலில் தன்னுடைய பழைய இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கூடைக்காகக் காத்திருந்திருக்கிறார். அங்கே இருந்தவர்கள் யாராவது, பெரியவரே இறங்கு, வீட்டுக்குப் போ என்று சொல்லியிருக்க வேண்டுமா இல்லையா? சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்து, "இன்னிக்கி வரத்து கம்மி அண்ணாத்த, நாளிக்கி வா" என்று அனுப்பியிருக்கிறார்கள். பாசம்தான். அந்தப் பாசத்தை நம்பி அவர் மறுநாளும் போனார், அதற்கு மறுநாளும் போனார்.

தனத்தை உனக்குத் தெரியும், தெருமுனையில் இட்லி விற்கிறவள். பள்ளிக்கூடம் போகிற நேரம், அவளைச் சுற்றிப் பிள்ளைகள் நிற்கிற நேரம். உன் அப்பா தெருவுக்குள் திரும்பும்போது பிரேக்கை மிதிக்கவில்லை. மிதிக்க மறந்தாரா, மிதிக்கிறது எது என்று மறந்தாரா, தெரியாது. வண்டி அடுப்பில் மோதி, கொதிக்கிற சாம்பார் அண்டா தனத்தின் காலில் கவிழ்ந்தது. பிள்ளைகள் ஓடிப் பிழைத்தன. நான் ஓடிப்போய்ப் பார்க்கும்போது அவள் கால் தோல் உரிந்து கிடக்கிறது, உன் அப்பா வண்டியில் இருந்தபடி, "வயில கடய போட்டா இன்னா பண்றது?" என்கிறார். அன்று நான் செத்திருக்கலாம்.

தனம் போலீசுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட காலோடு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அக்கா, எம் பொண்ணு கல்யாணத்துக்கு அண்ணாத்த சும்மா வண்டி ஓட்டினவரு. அதுக்காவ வுடறேன். ஆனா அடுத்த தபா என் காலு இருக்காதுக்கா. எவ பெத்த புள்ள தலயோ இருக்கும்." இதை நான் உனக்குப் போனில் சொன்னேன். நீ என்ன சொன்னாய்? "சாவிய ஒளிச்சி வெய்மா" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டாய்.

சாவியை ஒளித்தேன். அந்த வண்டிக்குச் சாவி வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது? டாஷ்போர்டுக்கு அடியில் இரண்டு ஒயரை உரசினால் கிளம்பிவிடும். தன் பிள்ளை பேர் மறந்த மனிதருக்கு எந்த ஒயர் என்பது மறக்கவில்லை. பேட்டரியைக் கழற்றித் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். மறுநாள் பேட்டரிக் கடை முருகன் ஸ்கூட்டரில் புது பேட்டரி கொண்டுவந்து மாட்டிக்கொண்டிருக்கிறான். ஏன்டா என்றால், "அண்ணாத்த வந்து கேட்டாரு. அவரு கேட்டு இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வருமாக்கா?" என்கிறான். "வாய் வராது இல்ல? தனத்துக்குக் கால்ல கொப்புளம் வந்துச்சே, அத்த போய் பாரு" என்றேன். இன்றுவரை அவன் கடைப் பக்கம் நான் நடப்பதில்லை. அவன் எதிரே வந்தால் நான் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். அவன் செய்தது மரியாதை என்று அவன் நினைக்கிறான். அவருக்கு நேராக முடியாது என்று சொல்ல இந்த ஊரில் ஒரு ஆள் இல்லாமல் போனதுதான் எனக்கு வந்த பேஜாரு.

பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டேன். உன் அப்பா ஜாக்கி ராடைத் தூக்கி அவன் தோளில் ஒன்று போட்டார். வண்டியை மட்டும் கண்ணில் படாமல் வைக்கலாம் என்று தண்டையார்பேட்டையில் மெக்கானிக் கபூர் பாய் ஷெட்டில் கொண்டுபோய் விட்டோம். அதைவிடப் பெரிய தப்பு வேறு இல்லை. உன் அப்பா வண்டியைத் தேடிக் கிளம்பிவிட்டார். பொழுது சாயும்வரை தேடி, எண்ணூர் உப்பளத்துப் பக்கம் செருப்பில்லாமல், அங்கே நிற்கிற லாரிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு இருந்தவரை ஒரு டிரெய்லர் டிரைவர் அடையாளம் தெரிந்து ஏற்றி வந்தார். உள்ளங்கால் முழுக்க ரத்தம். வண்டி வாசலில் நின்றால்தான் இவர் வீட்டில் நிற்கிறார் என்று அன்றைக்குத் தெரிந்தது. வண்டியைத் திரும்ப வாசலுக்கே கொண்டுவந்தோம். வண்டியும் இருக்கவேண்டும், அது ஓடவும் கூடாது.

கபூர் பாய்தான் வழி சொன்னார். அவரும் உன் அப்பாவும் எத்தனை வருஷத்துத் தோஸ்து என்று உனக்குத் தெரியும். "ஸ்டியரிங்க கயட்டிடணும்கா. பேட்டரி கேட்டா குடுப்பானுங்க, டீசல் கேட்டா ஊத்துவானுங்க. ஸ்டியரிங் எவன் குடுப்பான்?" என்றார். சரி, கழற்று என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நா கயட்ட மாட்டேன்கா" என்றார்.

"ஏன்யா?"

"ஓனரு உயிரோட கீறப்ப, அவரு தொட்டுக் குடுக்காம ஸ்டியரிங்ல ஸ்பேனர் வெக்கிற பயக்கம் எங்க லைன்ல இல்ல. ரிப்பேருக்குன்னாலும் அவரு ஒரு தபா தொட்டு, 'போட்றா'ன்னு சொன்னாத்தான். நா பாயா இருந்தாலும் லைன் பயக்கம் பயக்கந்தான்."

"நா தொட்டுத் தரேன்."

"நீ ஓனர் இல்லியேக்கா."

எனக்கு வந்ததே கோபம். "அந்த வண்டி கலீஜெல்லாம் என் தலயில ஊத்திகினு கயுவினவ நானு. ஓனர் எவன்னு இப்ப சொல்லு" என்று கேட்டேன்.  மறுநாள் மத்தியானம் கபூர் பாய் வந்தார், மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

உன் அப்பா மாத்திரை போட்டுவிட்டுத் தூங்குகிற நேரம் அது. நான் ஸ்டியரிங்கைத் தொட்டேன். கபூர் பாய் நடுவில் இருந்த ஹாரன் பட்டனைப் பெயர்த்து எடுத்தார். உள்ளே பெரிய நட்டு. அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆனால் ஸ்டியரிங் அசையவில்லை. உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு, அடியில் இருக்கிற தண்டோடு அது ஒரே இரும்பாகிப் போயிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தார், காத்திருந்து பார்த்தார். கடைசியில் அவர் கீழே குனிந்து சுத்தியலால் மேல்நோக்கி அடிக்க, நான் படியில் நின்று, இந்த முட்டிவலிக் காலோடு, ஸ்டியரிங்கை இழுக்கிறேன். வராமலே இருந்துவிட்டால் தேவலை என்று ஒரு மனசு. தனத்தின் கால் ஞாபகம் வந்தால் இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன்.

அடிக்கிற சத்தத்தில் அவர் எழுந்துவிட்டார்.

வாசலில் நின்று பார்த்தார்.  ஜாக்கி ராடு எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் தேடினேன். கபூர் பாய் வண்டியிலிருந்து குதித்து இறங்கிவிட்டார். உன் அப்பா கிட்டே வந்து, "எவன்டா அவன், நட்ட முழுசா கயட்டிகினு கீயேருந்து அடிக்கிறது? மூஞ்சி வேணாமா உனுக்கு?" என்றார். கபூர் பாய் என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். "நட்ட குடுறா" என்று கையை நீட்டினார். பாய் கொடுத்தார். உன் அப்பா ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, நட்டைத் தண்டில் வைத்துக் கொஞ்சம் திருகி, இறுக்காமல் அப்படியே விட்டார். "இத்த இப்டி வுட்டுட்டு இஸ்தா, புட்டுகினு வந்தாலும் நட்டு புடிச்சிக்கும். இல்லன்னா நேரா பல்லுல வந்து எறங்கும்" என்று சொல்லி, உதட்டை விரலால் தூக்கி முன்பல் இல்லாத இடத்தைக் காட்டினார். அந்தப் பல் காசிமேட்டில் ஒரு ரவுடியோடு சண்டை போட்டுப் போனது என்று உனக்குச் சொல்லி வைத்திருந்தாரே, நீயும் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தாயே, அது பொய். எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலேயே ஒரு ஸ்டியரிங் உடைத்த பல் அது. பெண் பார்க்க வந்தபோது வாயைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார். அமைதியான பையன் என்று என் அம்மா சந்தோஷப்பட்டாள்.

பிறகு இரண்டு முட்டியையும் ஸ்டியரிங்குக்கு அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று ஆட்ட ஆரம்பித்தார். தண்டின் தலையில் ஒரு மரக்கட்டையை வைத்துத் தட்டச் சொன்னார். "ஆணி அடிக்கிறா மாதிரி அடிக்காத. கதவ தட்றா மாதிரி தட்டு." கபூர் பாய் தட்டுகிறார், இவர் முட்டியால் நெம்புகிறார், ஆட்டுகிறார், மறுபடி தட்டு என்கிறார். என் பேரைத் தப்பாகக் கூப்பிடுகிற மனிதர், எந்த நேரத்தில் தட்டவேண்டும், எந்த நேரத்தில் நிறுத்தவேண்டும் என்று ஒன்றும் தப்பவிடவில்லை. ஒரு தட்டில் டக்கென்று சத்தம் வந்தது. ஸ்டியரிங் மேலே எழும்பி நட்டில் முட்டி நின்றது. நட்டை விரலாலேயே சுற்றி எடுத்தார்.

கண்ணில் ஒற்றிக்கொள்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒற்றிக்கொள்ளவில்லை. லுங்கி ஓரத்தால் துருவைத் துடைத்து என்னிடம் நீட்டி, "இந்தாம்மா" என்றார்.

மகனே, கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை "இன்னாமே, வாமே" என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். அம்மா என்று கூப்பிட்டதில்லை. தெரியாத பொம்பளையைத்தான் அவர் அம்மா என்பார்.

"வண்டி உன்துதாம்மா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன்.

"ஓட்றது யாரு?"

"எங்க வூட்டுக்காரரு."

"வயசானவரா?"

தலையாட்டினேன். அவர் இறங்கி, டயரைப் பார்த்தார், குனிந்து அடியில் பார்த்தார். "அடியெல்லாம் அரிச்சிப் போய் கீதும்மா. பிரேக்கும் நிக்காது. அந்தாளுகிட்ட சொல்லிடும்மா, இனிமே இத்த ரோட்டுக்கு எட்த்தார வேணாம்னு. புள்ளைங்க நடக்கிற எடம்" என்றார்.

"சொல்லிட்றேன்."

"கேப்பாரா?"

 கபூர் பாய்தான் சொன்னார், "கேப்பாரு அண்ணாத்த" என்று. சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். உன் அப்பா குழாய் எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டு, நம் வீட்டுக் குழாயில், விருந்தாளி மாதிரி ஓரமாக நின்று கை கழுவினார்.

இதுதான் நடந்தது. மறுநாள் காலையில் எழுந்து வண்டியில் ஏறினார். கை வெறும் காற்றில் போனது. "எவ எட்த்தது?" என்று அலறினார். அன்றிலிருந்து தினமும் காலையில் இதே கேள்விதான். அவருக்கு அது ஒவ்வொரு நாளும் புதுசு. நான்தான் எடுத்தேன் என்கிறேன். திருடி என்கிறார். அவர் அம்மா என்னைப் பற்றி அன்றைக்கே சொன்னாளாம், இவர்தான் கேட்கவில்லையாம். மற்றதெல்லாம் மறந்துவிட்டது, மாமியார் சொன்னது மட்டும் இருக்கிறது பார். கேட்டுக்கொள்கிறேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "நீதான்யா கயட்டின. உன் கையாலதான் கயட்டி எங்கிட்ட குடுத்த" என்று சொல்லிவிட்டேன். அவர் திட்டுவதை நிறுத்திவிட்டார். இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை, பேசவில்லை, ஒண்ணுக்குப் போகக்கூட எழுந்திருக்கவில்லை. இனி செத்தாலும் அதைச் சொல்லமாட்டேன் என்று முடிவு செய்தேன். யாரோ எடுத்துவிட்டார்கள் என்றால் அவருக்குக் கோபம் வருகிறது. கோபம் வந்தால் அவர் மனிதராக இருக்கிறார்.

உன் பெண்டாட்டி எடுத்த வீடியோவில் என் முகம் இல்லை. நான் அப்போது அடுப்படியில் இருந்தேன், அவருக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டு. அது வீடியோவில் வராது. நீ நல்லவன்தான், அப்பா மேல் உயிரை வைத்திருக்கிறாய், அதனால்தான் கத்தினாய், தெரியும். தெரிந்தாலும் மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன், பொய் எழுத எனக்கு வராது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள். உனக்கும் வயசாகும். கத்தார் துறைமுகத்தில் அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறாய். போதும், இறங்கு என்று ஒருவர் சொல்லவேண்டிய நாள் உனக்கும் வரும். உனக்கு நேராக அதைச் சொல்ல ஊரில் யாருக்கும் வாய் வராது. உன் பெண்டாட்டிதான் சொல்லவேண்டியிருக்கும். அன்றைக்கு அவளைத் திட்டாதே. எனக்கு அவளைப் பிடிக்காது, இருந்தாலும் சொல்கிறேன்.

அடுத்த தடவை நீ போன் செய்யும்போது அப்பாவிடம் கொடுக்கிறேன். உன்னை யாரென்று தெரியுமோ தெரியாதோ, ஸ்டியரிங்கை மட்டும் கேட்பார், எவ எட்த்தது என்று. கபூர் பாய் பேரை இழுக்காதே, உண்மையையும் சொல்லாதே. அம்மாதான் எடுத்தாள் என்று சொல். நீ ஞாயிற்றுக்கிழமை பேசினாயே, அதே கோபத்தோடு சொல். அவர் என்னைக் கொஞ்ச நேரம் திட்டுவார். திட்டி முடித்துவிட்டுச் சோறு கேட்பார்.